விடைக்குப் பிறகும் நிற்கும் கேள்வி: வெப்ப, குவாண்டம் இயற்பியலில் மாணவர் ஐயங்கள்

இயற்பியல் கணக்கைப் பிழையில்லாமல் போட்டுவிடும் மாணவருக்கு அந்தப் பாடம் புரிந்துவிட்டது என்று கொள்ளலாமா? கணக்கை முடித்த பிறகும் அவர் ஓர் ஐயத்தோடு வந்து நின்றால் ஆசிரியர் என்ன செய்வது? இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பதா, மனத்தில் இருக்கும் தவறான எண்ணத்தைக் களைவதா, அந்த எண்ணத்தையே படியாக வைத்து மேலே ஏற்றுவதா? கேள்வி பழையது. அதற்குக் கடந்த அரை நூற்றாண்டில் மட்டுமே பல விடைகள் வந்துள்ளன. அவற்றுள் சில ஒன்றையொன்று நேராக மறுக்கின்றன.

மலேசியாவில் இந்தக் கேள்வி அண்மையில் கூர்மை பெற்றிருக்கிறது. கே.எஸ்.எஸ்.எம். எனப்படும் இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டம் 2017இல் முதலாம் படிவத்தில் தொடங்கி 2021இல் ஐந்தாம் படிவத்தை எட்டியது. அதன் இயற்பியல் பாடத்தில் நான்காம் படிவத்தின் நான்காவது இயல் வெப்பம்; ஐந்தாம் படிவத்தின் ஏழாவது, கடைசி இயல் குவாண்டம் இயற்பியல். முந்தைய கே.பி.எஸ்.எம். பாடம் கதிரியக்கத்தோடு நின்றது. குவாண்டம் வேண்டுமென்றால் ஆறாம் படிவத்துக்கோ மெட்ரிகுலேஷனுக்கோ போக வேண்டியிருந்தது. இன்று ஜொகூர் பாருவிலும் கூலாயிலும் குளுவாங்கிலும் பதினேழு வயதுப் பிள்ளைகள் கரும்பொருள் கதிர்வீச்சையும் ஒளிமின் விளைவையும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கிறார்கள்.

இரண்டு பாடங்களின் தன்மையும் வேறு. வெப்பத்தைப் பற்றி மாணவருக்கு வகுப்புக்கு வரும் முன்பே நிறையத் தெரியும். குவாண்டத்தைப் பற்றி அனுபவம் சொல்லித்தந்தது எதுவும் இல்லை. ஒன்றில் பழைய அறிவு கூட்டமாக நிற்கிறது. மற்றதில் பிடித்துக்கொள்ள ஒரு கிளைகூட இல்லை. கற்பித்தலைப் பற்றிய பெரும்பாலான கோட்பாடுகள் இயந்திரவியலையும் வெப்பத்தையும் வைத்து உருவானவை. அவற்றை அப்படியே குவாண்டத்துக்கு எடுத்துச் செல்லலாமா என்பது தனியாக ஆராய வேண்டிய செய்தி.

பயிற்சி என்னும் முதல் விடை

நிறையக் கணக்குப் போட்டால் புரிதல் தானே வரும் என்பது மிகப் பழைய நிலைப்பாடு. டியூஷன் வகுப்புகளின் அடித்தளமும் அதுவே. மலேசியத் தமிழர்களைப் பொறுத்தவரை இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத காலத்தில், 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புகள் கூடுதல் வகுப்பையும் முறையான பயிற்சியையும் ஒரு சமூக இயக்கமாகவே நடத்தின. பழைய தேர்வுத் தாள்களை வரிசையாகச் செய்வது அந்தச் சூழலில் பல்கலைக்கழகத்துக்கான வாசல்.

பயிற்சிக்கு ஆய்வின் ஆதரவும் உண்டு. ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூல், கணக்கைத் தீர்ப்பதைக் கற்பிக்கக்கூடிய ஒரு கலையாகக் காட்டியது. ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் செய்த ஆய்வு, தொடக்க நிலை மாணவர்கள் தாமே முட்டி மோதிக் கணக்குப் போடுவதைவிட, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்துச் செல்வதால் கூடுதலாகப் பயன்பெறுகிறார்கள் என்று காட்டியது. ஒரே நேரத்தில் மனம் தாங்கக்கூடிய சுமைக்கு எல்லை உண்டு என்பது அவர்களின் விளக்கம்.

ஆனால் பயிற்சி எதைத் தருகிறது என்பதில்தான் சிக்கல். மிஷலின் சியும் இரண்டு துணை ஆய்வாளர்களும் 1981இல் இயற்பியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, புதியவர்கள் சாய்தளம், கம்பிச்சுருள் என்று வெளித்தோற்றத்தை வைத்துப் பிரித்தார்கள். வல்லுநர்கள் ஆற்றல் அழியாமை போன்ற தத்துவத்தை வைத்துப் பிரித்தார்கள். தென்கொரியாவில் கிம், பாக் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. பல்கலைக்கழக நுழைவுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளைச் செய்து முடித்த மாணவர்களிடமும் இயந்திரவியலின் அடிப்படைக் குழப்பங்கள் அப்படியே இருந்தன. செய்த கணக்கின் எண்ணிக்கைக்கும் கருத்துத் தெளிவுக்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை. சில பத்து மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அதை எல்லாருக்கும் பொதுவாக்க முடியாது. இருந்தாலும் டியூஷனை நம்பும் எந்தச் சமூகமும் அதைக் கவனிக்காமல் விட முடியாது.

ஒரு குவளை தே ஓ ஐஸ்

வெப்ப இயலில் வழக்கமான கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் 200 கிராம் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர். அதில் 0 டிகிரியில் 100 கிராம் பனிக்கட்டியைப் போடுகிறோம். குவளையையும் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். தேநீரைத் தண்ணீராகக் கொண்டால் தன்வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு டிகிரிக்கு 4200 ஜூல். அது 0 டிகிரிவரை குளிர்ந்தால் விடக்கூடிய வெப்பம் 67,200 ஜூல். பனிக்கட்டி உருக 33,400 ஜூல் வேண்டும். மிச்சம் 33,800 ஜூல், 300 கிராம் தண்ணீரைச் சுமார் 27 டிகிரிக்குக் கொண்டுபோகும். பாடநூல் விடை இதுவே. முழு மதிப்பெண்.

இப்போது பனிக்கட்டியை 250 கிராம் ஆக்குவோம். அதே சமன்பாட்டில் எண்களை மாற்றிப் போட்டால் விடை சுழியத்துக்குக் கீழே சுமார் 8.6 டிகிரி என்று வரும். 0 டிகிரிப் பனிக்கட்டியையும் சூடான தேநீரையும் கலந்து அதைவிடக் குளிர்ந்த ஒன்றைப் பெற முடியாது என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கணக்கில் எந்தப் பெருக்கலும் கூட்டலும் தவறவில்லை. மாணவர் "எங்கே தப்பு செய்தேன்?" என்று கேட்கிறார்.

கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. பனிக்கட்டி முழுவதும் உருகிவிடும் என்று சமன்பாட்டுக்குள் யாரும் சொல்லாமல் ஒளிந்திருந்த அனுமானம்தான் பொய்த்தது. 250 கிராமையும் உருக்க 83,500 ஜூல் வேண்டும். தேநீரிடம் இருப்பது 67,200. ஆகவே ஏறத்தாழ 201 கிராம் உருகும், 49 கிராம் கட்டியாகவே மிதக்கும், வெப்பநிலை 0 டிகிரியில் நின்றுவிடும். முதல் கணக்கைச் சரியாகப் போட்ட எல்லா மாணவரும் அந்த அனுமானத்தை அறிந்துதான் போட்டார்களா என்பதை 27 டிகிரி என்ற விடை காட்டிக்கொடுக்காது.

இதைவிட ஆழமான ஒன்றும் அந்தச் சரியான விடைக்குள் மறைந்திருக்கிறது. வெப்பம் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு ஒழுகும் கண்ணுக்குத் தெரியாத பாய்மம் என்று 18ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள். 1789இல் லவாசியே அதைத் தன் தனிமங்களின் பட்டியலிலேயே கலோரிக் என்று சேர்த்தார். மியூனிக்கில் பீரங்கிக் குழாய் குடையும்போது வெப்பம் வற்றாமல் வந்துகொண்டே இருப்பதை 1798இல் ரம்ஃபோர்டு எடுத்துக்காட்டிய பிறகும், ஜூல் 1840களில் அளந்து காட்டும்வரை அந்த நம்பிக்கை வாழ்ந்தது. கலவைக் கணக்குகள் எல்லாமே கலோரிக் கோட்பாட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்துபவை. ஒன்று விட்டதை மற்றது பெறுகிறது, மொத்தம் மாறுவதில்லை. அதாவது கைவிடப்பட்ட ஒரு கோட்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே ஒரு மாணவர் இந்த இயலில் நிறைய மதிப்பெண் வாங்க முடியும்.

அது எங்கே உடையும்? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதை விளக்கச் சொன்னால் உடையும். அங்கே யாரும் அடுப்பு மூட்டவில்லை. கை செய்த வேலை காற்றின் அக ஆற்றலாகிறது. லவ்ரூட், காட்ஸ், ஹெரன் மூவரும் 2002இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் இந்த நிகழ்வைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலர் வேலை என்ற கருத்தை நாடவே இல்லை. வாயு விதியைக் கொண்டோ, நெருக்கத்தில் மூலக்கூறுகள் அதிகம் மோதிக்கொள்வதால் சூடு பிறக்கிறது என்றோ விளக்கினார்கள்.

களைவதா, வளர்ப்பதா

1970களின் இறுதியிலிருந்து ஆய்வாளர்களின் கவனம் மாணவர் மனத்துக்குள் திரும்பியது. பிரிட்டனின் ரோசலிண்ட் டிரைவர், பிரான்சின் எடித் கெஸ்ன், ஆந்திரே திபெர்கியன் ஆகியோர் தொகுத்து 1985இல் வந்த நூல், குழந்தைகளின் அறிவியல் எண்ணங்கள் தற்செயலான உளறல்கள் அல்ல, அவற்றுக்கு உள்ளே ஓர் ஒழுங்கு உண்டு என்பதை நிறுவியது. மரியான் வைசரும் சூசன் கேரியும் 1983இல் வரலாற்றை நோக்கினார்கள். 17ஆம் நூற்றாண்டு ஃபிளாரன்சின் ஆய்வாளர்கள் வெப்பமானி வைத்துச் சோதனை செய்தவர்கள், ஆனாலும் வெப்பம், வெப்பநிலை இரண்டையும் தனித்தனியாகக் காணவில்லை என்பது அவர்கள் முடிவு. அந்தப் பிரிவினை தெளிவானது 18ஆம் நூற்றாண்டில் ஜோசப் பிளாக்கிடம். அறிஞர்களுக்கே தலைமுறைகள் தேவைப்பட்ட ஒன்றை நான்காம் படிவ மாணவர் சில வாரத்தில் செய்ய வேண்டியிருக்கிறது.

பழைய எண்ணத்தை என்ன செய்வது என்பதில் கருத்து பிரிகிறது. போஸ்னரும் கார்னெல் பல்கலைக்கழகக் குழுவினரும் 1982இல் முன்வைத்த கருத்து மாற்றக் கோட்பாட்டின்படி, மாணவருக்குத் தன் எண்ணத்தில் அதிருப்தி உண்டாக வேண்டும். பிறகு புதிய கருத்து விளங்குவதாகவும் நம்பத்தக்கதாகவும் பயன் தருவதாகவும் இருக்க வேண்டும். முரணைக் காட்டினால் பழையது விழும் என்பது இதன் நம்பிக்கை. முரணைக் கண்டும் மாணவர்கள் விளக்கத்தைத் திருகித் தம் எண்ணத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்பது இதன்மேல் வைக்கப்படும் பெரிய குறை.

ஆண்ட்ரியா டிசெஸா 1993இல் வேறு வழி காட்டினார். மாணவர் மனத்தில் முழுமையான தவறான கோட்பாடு என்று ஒன்று இருப்பதில்லை. அனுபவத்திலிருந்து எடுத்த சின்னச் சின்னத் துண்டுகள் இருக்கின்றன, சூழலுக்கு ஏற்ப அவை விழித்துக்கொள்கின்றன என்பது அவர் நிலை. அப்படியானால் களைய வேண்டியது எதுவும் இல்லை. இருக்கும் துண்டுகளை ஒழுங்காகக் கோக்க வேண்டும். மிஷலின் சி இதற்கும் உடன்படவில்லை. வெப்பத்தைப் பொருள் என்ற வகையில் வைத்துவிட்டவர் அதை நிகழ்வு என்ற வகைக்கு மாற்றிக்கொள்ளும்வரை எந்தத் துண்டும் உதவாது என்பது அவர் வாதம்.

இந்த விவாதம் ஜொகூரில் எந்த உருவம் எடுக்கும் என்று யோசிக்கலாம். இரும்பும் மரமும் ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன, இரும்பு கையிலிருந்து விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால் குளிர்ச்சியாகத் தோன்றுகிறது என்பது குளிர்நாட்டுப் பாடநூல்களின் முதல் உதாரணம். 31 டிகிரி நிழலில், தோலின் வெப்பநிலையும் அதை ஒட்டியே இருக்கும்போது, அந்த வேறுபாடு கைக்கு எட்டுவது குறைவு. அதே பிள்ளை குளிரூட்டிய விரைவுப் பேருந்தில் கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் சட்டென்று உணர்வான். இன்னொரு பக்கம், டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி என்று தமிழ், மலாய், சீன வீடுகள் எல்லாவற்றிலும் கேட்டு வளர்ந்த அறிவு இருக்கிறது. அது வெப்பமானியால் அளக்கும் சூடு அன்று. உடலைப் பற்றிய வேறொரு மரபின் சொல்லாட்சி. அதை முரண் காட்டி வீழ்த்த முனைவது வீண் என்றே தோன்றுகிறது. எந்தச் சூட்டைப் பற்றி எங்கே பேசுகிறோம் என்று பிரித்துக் காட்டினால் போதும். இந்த இடத்தில் டிசெஸாவின் வழி மற்றவற்றைவிடப் பொருத்தமாகப் படுகிறது.

எல்லாவற்றையும் தலைகீழாக்கும் ஒரு நிலைப்பாடும் உண்டு. மக்கள் அன்றாடம் சூடு என்று நினைப்பது, பாய்ந்து செல்வது, பொருளுக்குள் இருப்பது, உரசினால் உண்டாவது எல்லாம் ஏறத்தாழ இயற்பியலின் என்ட்ரோபிதான் என்று ஹியூ கேலண்டர் 1911இலேயே சுட்டினார். அதே வழியில் ஃபிரிட்ரிக் ஹெர்மன் உருவாக்கிய ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பாடமுறை, மாணவர் எண்ணத்தைத் திருத்தாமல் என்ட்ரோபியை முதல் வகுப்பிலிருந்தே கற்பித்தது. 2013இல் ஜெர்மன் இயற்பியல் கழகம் அந்தப் பாடமுறையைக் கடுமையாக விமர்சித்தது. அதன் சொல்லாட்சி உலகின் மற்ற நூல்களிலிருந்து மாணவரைத் தனிமைப்படுத்திவிடும் என்ற கவலை நியாயமானது. ஆனால் மாணவர் தவறாக நினைக்கிறார் என்று நாம் முடிவு கட்டும் இடத்தில், அவர் வேறு ஒரு சரியான அளவைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கலாம் என்ற அதன் எச்சரிக்கையை அந்த விமர்சனம் தொடவில்லை என்பது என் கணிப்பு.

மறக்க வேண்டியதை ஏன் கற்பிப்பது

குவாண்டத்தில் சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. அணுவைச் சுற்றி எலக்ட்ரான் வட்டமிடும் போரின் படம் 1913ஐச் சேர்ந்தது. 1926க்குள் அது கைவிடப்பட்டது. பெர்லினில் ஃபிஷ்லர், லிஷ்ட்ஃபெல்ட் இருவரும் 1992இல் அந்தப் படத்தைத் தவிர்த்தே குவாண்டத்தைத் தொடங்க வேண்டும் என்று வாதிட்டார்கள். ஒருமுறை மனத்தில் பதிந்த சுற்றுப்பாதை பிறகு அழிவதில்லை என்பது அவர்கள் கண்டது. கொலராடோவில் மக்ககன், பெர்க்கின்ஸ், வீமன் மூவரும் 2008இல் மறுத்தார்கள். பல மாதிரிகளை அருகருகே வைத்து, ஒவ்வொன்றும் எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது என்று ஒப்பிடச் செய்தால் போரின் படம் தடையாக இருப்பதில்லை என்றார்கள்.

இந்த விவாதத்துக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. 1928இல் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தபோது மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர், பின்னாளில் வானியற்பியலாளராகப் பெயர்பெற்றவர், அவரைப் போய்ப் பார்த்தார். சோமர்ஃபெல்டின் நூலைக் கரைத்துக் குடித்திருந்த அந்த இளைஞரிடம், அந்த நூலுக்குப் பிறகு குவாண்டம் கோட்பாடே மாறிவிட்டது என்று அதை எழுதியவரே சொன்னார்; உலோகங்களில் எலக்ட்ரான்களைப் பற்றிய தன் புதிய கட்டுரையின் அச்சுப் படிகளையும் கொடுத்தார். அடுத்த ஆண்டே சந்திரசேகர் புதிய புள்ளியியலை வைத்து எழுதிய கட்டுரை ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. பழைய படத்தை ஆழமாகக் கற்றது அவருக்குத் தடையாக இருக்கவில்லை என்று இதைப் படிக்கலாம். சந்திரசேகரை வைத்துச் சராசரி மாணவரை எடைபோட முடியாது என்றும் சொல்லலாம். ஆனால் ஒன்று உறுதி: அது பழையது என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

கரும்பொருள் கதிர்வீச்சில் கதை இன்னும் சிக்கலானது. ரேலி–ஜீன்ஸ் விதி புறஊதாப் பகுதியில் தோற்றது, அந்த நெருக்கடியைத் தீர்க்க பிளாங்க் குவாண்டத்தைக் கண்டார் என்று நூல்கள் சொல்கின்றன. காலவரிசை ஒத்துவரவில்லை. பிளாங்க் தன் தருவிப்பை அறிவித்தது 1900 டிசம்பர் 14. ரேலி–ஜீன்ஸ் விதி முழு வடிவம் பெற்றது 1905. புறஊதாப் பேரழிவு என்ற பெயரை ஏரன்ஃபெஸ்ட் வைத்தது 1911. பிளாங்கைத் தூண்டியவை பெர்லின் ஆய்வகத்தில் ரூபன்ஸும் கர்ல்பாமும் எடுத்த அளவீடுகள். ஆற்றல் உண்மையிலேயே துண்டுதுண்டானது என்று பிளாங்க் அப்போது கருதினாரா என்பதையே 1978இல் தாமஸ் கூன் கேள்விக்கு உட்படுத்தினார். அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. கற்பிக்க வசதியாக ஒழுங்குபடுத்திய இத்தகைய கதையை ஆண்ட்ரூ விட்டேக்கர் 1979இல் போலி வரலாறு என்று அழைத்தார்.

பிளாங்கின் தருவிப்பே உள்ளுக்குள் முரண்பட்டது. ஒரு படியில் பழைய மின்காந்தவியல், அடுத்த படியில் அதற்கு ஒவ்வாத குவாண்டம். டாக்காப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு இதைக் கற்பித்துக்கொண்டிருந்த சத்தியேந்திர நாத் போஸ் அந்த முரணோடு சமாதானம் செய்துகொள்ளவில்லை. ஒளியைத் துகள்களின் வாயுவாகவே எண்ணி, பழைய இயற்பியலை நாடாமல் பிளாங்க் விதியைத் தருவித்து 1924 ஜூனில் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதை ஜெர்மனில் பெயர்த்து வெளியிட வைத்தார். வெப்பமும் குவாண்டமும் ஒன்றாகப் பின்னப்பட்டவை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இரண்டாம் படியில் தயங்கி நிற்கும் இன்றைய மாணவர் போஸ் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

இரண்டு சிவப்பு ஃபோட்டான்கள்

ஒளிமின் விளைவில் சோடியத்தின் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 2.3 எலக்ட்ரான் வோல்ட். 400 நானோமீட்டர் ஊதா ஒளியின் ஒரு ஃபோட்டானில் 3.1 இருக்கிறது, எலக்ட்ரான் வெளியே வரும், அதன் பெரும இயக்க ஆற்றல் 0.8. 700 நானோமீட்டர் சிவப்பில் 1.8தான், எவ்வளவு பிரகாசமாக்கினாலும் எலக்ட்ரான் வராது. இதுவரை பாடம்.

சிந்திக்கும் மாணவர் இங்கே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: இரண்டு சிவப்பு ஃபோட்டான்கள் ஒரே எலக்ட்ரானைத் தாக்கினால் மொத்தம் 3.5 ஆகிறதே, அப்போது ஏன் வராது? ஒரு ஃபோட்டான் ஒரு எலக்ட்ரானுக்கு மட்டுமே ஆற்றல் தரும் என்பது விதி, அதனால் வராது என்று பதில் சொல்லி முடித்துவிடலாம். தேர்வுக்கு அது போதும். இயற்பியலுக்குப் போதாது. இரண்டு ஃபோட்டான்கள் ஒருசேர உட்கவரப்படலாம் என்று மரியா கோப்பர்ட்–மேயர் 1931இல் வெளியான ஆய்வேட்டில் கணக்கிட்டுக் காட்டினார். லேசர் வந்த பிறகு, 1964இல் டைக், ஷ்ரோயர், வோல்கா மூவரும் அதே சோடியத்தின்மேல் காலியம் ஆர்சனைடு லேசரின் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, இரண்டு ஃபோட்டான்களால் எலக்ட்ரான் வெளிவருவதை அளந்தார்கள். சாதாரண விளக்கில் இது ஏன் தெரிவதில்லை என்றால், முதல் ஃபோட்டானை வாங்கிய எலக்ட்ரான் அந்த ஆற்றலை மிக விரைவில் இழந்துவிடுகிறது. ஒரு நொடியைக் கோடியாக வகுத்து, அந்தப் பங்கை மறுபடி கோடியாக வகுத்தால் வரும் நேரத்தை ஒட்டிய கணக்கு அது. அதற்குள் இரண்டாவது ஃபோட்டான் வந்து சேரும் வாய்ப்பு விளக்கொளியில் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே "வராது" என்பதைவிட "இந்த விளக்கில் வராது" என்பதே சரியான விடை.

இத்தகைய கேள்வி மாணவரின் அறியாமையிலிருந்து பிறக்கவில்லை. பாடநூல் செய்த சுருக்கம் அதைப் பிறப்பிக்கிறது. சுழியத்துக்குக் கீழே போன தே ஓ ஐஸும் அப்படித்தான். இதுவரை பார்த்த கோட்பாடுகள் பெரும்பாலும் கேள்வியை மாணவர் மனத்தின் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கின்றன. கேள்விக்குக் காரணம் பாடத்துக்குள்ளேயே இருக்கலாம் என்பதற்கு அவை உரிய இடம் தரவில்லை. வெப்பத்திலும் குவாண்டத்திலும் அதுவே முக்கியமான காரணம் என்பது என் கருத்து. இந்த இரண்டு துறைகளிலும் பள்ளிப்பாடம் மிகப் பெரிய கோட்பாடுகளை மிகச் சிறிய இடத்தில் அடைக்கிறது.

ஒளிமின் விளைவு ஃபோட்டானை நிரூபிக்கிறது என்பதும் ஒரு சுருக்கமே. லாம்பும் ஸ்கல்லியும் 1969இல் ஒளியை அலையாகவே வைத்துக்கொண்டு, உலோகத்தை மட்டும் குவாண்டமாக்கி, அதன் முக்கியப் பண்புகளைப் பெற்றுக் காட்டினார்கள். ஒளித்துகள் பிரிவதில்லை என்பதை நேராகக் காட்டிய சோதனைக்கு 1986 வரை, கிரான்ஜியே, ரோஜே, ஆஸ்பே மூவரின் ஆய்வு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பதினேழு வயதில் இதைச் சொல்ல வேண்டுமா என்பது வேறு. சொல்பவருக்குத் தெரிந்திருந்தால் "நிரூபிக்கிறது" என்ற இடத்தில் "ஆதரிக்கிறது" என்று பேசுவார். சின்ன மாற்றம், ஆனால் கேள்விக்கு வாசல் திறந்தே இருக்கும்.

எல்லாக் குழப்பமும் சுருக்கத்தால் வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டைன்பர்க், ஓபரெம், மக்டர்மட் 1996இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கண்டபடி, பாடம் முடித்த மாணவர்களில் பலர் ஒளிமின் சோதனையின் மின்னோட்ட வரைபடத்தை ஓம் விதிப்படி சாய்கோடாக வரைந்தார்கள். அங்கே முந்தைய மின்னியல் இயலின் பழக்கம் வேலை செய்தது. அதற்கு நேரான திருத்தமே மருந்து.

மூன்று மொழிகளில் ஒரு பாடம்

ஜொகூரின் தமிழ்ப்பள்ளி மாணவர் வெப்பம், வெப்பநிலை என்ற சொற்களைத் தமிழில் கற்கிறார். இடைநிலைப்பள்ளியில் அவை மலாயில் ஹாபா, சூஹு ஆகின்றன. தங்காக்கில் உள்ள ஜொகூர் மெட்ரிகுலேஷன் கல்லூரிக்குப் போனால் ஆங்கிலம். 2003இல் வந்த பி.பி.எஸ்.எம்.ஐ. திட்டம் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலை ஆங்கிலத்துக்கு மாற்றியது. 2009 ஜூலையில் அதைக் கைவிட முடிவாகி, பிறகு படிப்படியாகத் தமிழ் திரும்பியது. 2016இல் டி.எல்.பி. என்னும் இருமொழித் திட்டம் வேறு வந்தது. எஸ்.பி.எம். இயற்பியல் தாளோ மலாய், ஆங்கிலம் இரண்டிலும் அச்சாகிறது.

இதில் இரண்டு நிலைப்பாடுகள் உண்டு. ஒரு தரப்பு, இறுதியில் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும் என்பதால் தொடக்கத்திலேயே மாறுவது நல்லது என்கிறது. மறு தரப்பு, கேள்வி கேட்கும் துணிவு தாய்மொழியில்தான் முதலில் வரும் என்கிறது. இலங்கையில் உயர்தர இயற்பியலையே தமிழில் எழுதும் மாணவர்களைச் சுட்டுகிறது. முதல் வாதம் தேர்வையும் வேலையையும் நோக்கியது, இரண்டாவது வகுப்பறையை நோக்கியது. ஆகவே அவை ஒன்றையொன்று முழுமையாகச் சந்திப்பதில்லை. என் பார்வையில் குவாண்டத்தைவிட வெப்பத்தில் மொழியின் பங்கு பெரிது. வெப்பத்தைப் பற்றிய முன்னறிவு முழுவதும் வீட்டுமொழியில் சேர்ந்தது. அதை வெளியே எடுக்காமல் மலாயில் வரையறையை மட்டும் மனப்பாடம் செய்தால், இரண்டும் தனித்தனி அறைகளில் தங்கிவிடும். ஃபோட்டான் எந்த மொழியிலும் எல்லாருக்கும் புதியது.

ம்பெம்பாவின் கேள்வி

மாணவர் கேள்வியை ஆசிரியர் தட்டிக்கழித்ததற்கு உலகறிந்த சான்று தான்சானியாவின் எராஸ்டோ ம்பெம்பா. 1963இல், மூன்றாம் படிவத்தில், காய்ச்சிய பாலை ஆறவிடாமல் குளிர்பெட்டியில் வைத்தார். பாலைக் காய்ச்சாமலே வைத்த தோழனின் கலவைக்கு முன்பே அவருடையது உறைந்தது. ஆசிரியர் குழம்பிப்போயிருக்கிறாய் என்றார். பின்னர் டெனிஸ் ஓஸ்போர்ன் என்ற பல்கலைக்கழக இயற்பியலாளர் பள்ளிக்கு வந்தபோது அதையே கேட்டார். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். ஓஸ்போர்ன் சோதித்துப் பார்ப்பதாகச் சொன்னார். இருவரின் கட்டுரை 1969இல் வெளிவந்தது.

கதையின் பிற்பகுதி பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. பர்ரிட்ஜும் லிண்டனும் 2016இல் கவனமாக அளந்துவிட்டு, தண்ணீரில் அந்த விளைவுக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை, வெப்பமானியை வைக்கும் உயரத்தில் சிறு வேறுபாடு இருந்தாலே போலியான முடிவு கிடைத்துவிடும் என்றார்கள். மறுபுறம் லூவும் ராஸும் 2017இல் கோட்பாட்டளவில் அதற்கு இடம் உண்டு என்று காட்ட, 2020இல் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் குமாரும் பெக்ஹோஃபரும் நீரில் மிதக்கும் நுண்துகளைக் கொண்டு ஒத்த விளைவை ஐயமின்றிப் பதிவுசெய்தார்கள். 2024இல் இன்ஸ்பிரக்கில் அயனிகளை வைத்து அதன் குவாண்டம் வடிவம் காணப்பட்டது. சமநிலையிலிருந்து தொலைவில் இருப்பது எப்போது விரைவாகச் சமநிலைக்குத் திரும்பும் என்ற பொதுக் கேள்வியாக அது வளர்ந்துவிட்டது. ம்பெம்பா கவனித்தது உண்மையா என்பது தீராமலே, அவர் கேட்டது பயனுள்ளதாகிவிட்டது. ஆகவே சரியான கேள்விகளுக்கு மட்டும் செவிகொடுப்பது என்ற விதி இங்கே உதவாது.

தீராதவை

பயிற்சி தேவை, போதாது என்பதில் இன்று பெரிய மாறுபாடு இல்லை. எவ்வளவு போதும் என்பதில் உண்டு. மாணவர் எண்ணங்கள் கோட்பாடுகளா துண்டுகளா என்ற விவாதம் முப்பது ஆண்டாகியும் முடியவில்லை. இரண்டு தரப்பும் ஒரே மாணவரின் ஒரே பேச்சைத் தத்தம் பக்கம் விளக்கிக்கொள்ள முடிகிறது என்பது அதற்கு ஒரு காரணம். போரின் படத்தைப் பற்றிய விவாதத்தில் கொலராடோ தரப்பின் சான்று வலுவானதாகத் தெரிகிறது; ஆனால் அவர்கள் முறைக்குப் பல மாதிரிகளை ஒப்பிட நேரம் வேண்டும். தேர்வை ஒட்டி வரும் கடைசி இயலில் அந்த நேரம் கிடைப்பது அரிது. குவாண்டத்தை ஏழாவது இயலிலிருந்து முன்னே நகர்த்தினால், நான்காம் படிவ வெப்பத்துக்கு அடுத்தே கரும்பொருளைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பது சோதித்துப் பார்க்கத்தக்கது. அலைகளும் ஒளியும் அதற்கு முன் வர வேண்டுமே என்ற தடை உண்மையானது.

வீட்டுமொழியில் வெப்பத்தைப் பேசவைத்துப் பிறகு மலாய்க்கு வருவது பலன் தருமா என்பதற்கு ஜொகூர் போன்ற மும்மொழி மாநிலத்திலேயே விடை காண முடியும். ஓர் இயல், இரண்டு பள்ளி, ஒரே கேள்வித்தொகுப்பு இருந்தால் தொடங்கலாம். அந்தக் கேள்வித்தொகுப்பில் 27 டிகிரி விடை வரும் கணக்கோடு, சுழியத்துக்குக் கீழே போகும் கணக்கும் இருக்க வேண்டும். எஸ்.பி.எம். தாள் அத்தகைய கேள்விக்கு இடம் தருமா, தந்தால் டியூஷன் வகுப்புகள் அதையும் மனப்பாடம் செய்யும் வகையாக்கிவிடுமா என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது.